கோழிக்காகப் போன சின்னம்மா

எங்கள் சின்னம்மா ஒரு கோழிக்காகக் குடும்பத்தைவிட்டுப் போனவர். இது நான் சொல்வதல்ல, எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட வரலாறு. கல்யாண வீடுகளில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பழைய பேச்சு வந்தால், "ஒரு கோழிக்காகக் கோவிச்சுக்கிட்டுப் போனவதானே அவ" என்று பெரியம்மா ஆரம்பிப்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். சின்னம்மா அங்கே இருந்தால் எல்லோரையும்விடச் சத்தமாக அவர்தான் சிரிப்பார். அந்தக் கோழியை அருகிலிருந்து அறிந்தவள் என்ற முறையில் என்னையும் சாட்சிக்கு இழுப்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன். அதில் பொய் இல்லை, கோழி உண்மையிலேயே இருந்தது.

நீடாமங்கலத்திலிருந்து டவுன் பஸ் போகும் தூரத்தில் எங்கள் ஊர். அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, ஓர் அண்ணன், ஒரு தம்பி. பெரியத்தா சவுதி, அத்தா துபாய், சின்னத்தா குவைத் என்று மூவரும் கடல் தாண்டி இருந்தார்கள். எங்கள் வீடு மட்டுமல்ல, தெருவே அப்படித்தான். பகலில் கண்ணில் படும் ஆண்கள் என்றால் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், மளிகைக்கடை பாய், டவுசர் போட்ட பையன்கள். மற்ற ஆண்கள் எல்லோரும் கண்ணாடிச் சட்டத்துக்குள் கோட்டு போட்டுக்கொண்டு சுவரில் இருந்தார்கள்.

வீட்டில் மூன்று பெண்கள், ஒரே அடுப்படி. மூத்தவர் மனைவி பெரியம்மா, நடுவில் என் அம்மா, கடைசியில் கல்யாணமாகி அதிக காலம் ஆகாத சின்னம்மா. பெரியம்மாவின் பிள்ளைகள் கும்பகோணத்தில் ஹாஸ்டலில் படித்தார்கள். ஆகவே வீட்டிலிருந்த ஒரே சிறுபிள்ளை நான்தான். மூன்று பேரும் ஆளுக்கொரு நேரம் என்னைக் கொஞ்சினார்கள், மற்ற நேரமெல்லாம் மறந்துபோனார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. கொல்லையிலேயே குடியிருந்தேன்.

கொல்லையில் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது, மாடு இல்லை. ஆண்கள் அரபு நாட்டுக்குப் போன கையோடு மாடுகளை விற்றுவிட்டார்கள். கொட்டகை கோழிகளுக்கு வந்து சேர்ந்தது. எல்லாம் பெரியம்மாவின் கோழிகள். பெரிய சிவப்புப் பெட்டை ஒன்று, சேவலுக்குச் சமமாகக் கொண்டை வளர்த்துக்கொண்டு திரியும். அதற்குக் கொண்டைக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். அதற்கு அடுத்தபடியாக ஒரு கருப்புப் பெட்டை. மற்றவையெல்லாம் நான் பெயர் வைக்காத கூட்டம். கடைசியாக ஒரு புள்ளிக்கோழி. அது மட்டும் சின்னம்மாவுடையது. சீர்காழிக்குப் பக்கத்தில் சின்னம்மாவின் தாய்வீடு. அங்கிருந்து வந்தபோது, முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டையாக, பனையோலைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்.

ஆம்பளை இல்லாத வீட்டில் கோழிக்கு ஆயுசு கெட்டி. எங்கள் பக்கத்தில் பெண்கள் கோழி அறுப்பதில்லை. கறி வேண்டுமென்றால் கோழியைத் தூக்கிக்கொண்டு மோதினார் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு மீனோடு முடித்துக்கொள்வார்கள். பெரியத்தா லீவில் வரும் நாள்தான் எங்கள் கோழிகளுக்குக் கண்டம். வந்து இறங்கி, பெட்டிகளைத் திறப்பதற்கு முன்பு, தன் கையால் ஒரு வீட்டுக்கோழியை பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் அவருக்கு ஊர் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். விமானத்தில் வந்தவர் என்று பார்க்காமல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்துவிடுவார்.

அந்த வருஷம் மழை ஓயும் சமயத்தில் அவர் வருவதாகத் தகவல் வந்திருந்தது. மழை அப்போதுதான் பிடித்திருந்தது. ஐப்பசி மழை எங்கள் பக்கம் வந்தால் விருந்தாளி மாதிரி வராது, குடித்தனக்காரர் மாதிரி வரும். வாய்க்கால் நிறைந்து, நட்ட சம்பா மூழ்கி, கொல்லையில் கணுக்கால் தண்ணீர் நின்றது. ஊரெல்லாம் மேய்ந்து திரிந்த கோழிகள் கொட்டகையின் மேட்டுப் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கி நின்றன. கிளறுவதற்கு மண் இல்லை. போட்ட நொய்யைத் தின்றுவிட்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை.

அந்த நேரம் பார்த்துப் புள்ளிக்கு இறகு கொட்டத் தொடங்கியது. முதலில் கழுத்தில் ஒரு வட்டம். அப்புறம் முதுகு. காலையில் கூட்டைத் திறந்தால் புள்ளி இறகுகள் தரையெல்லாம் கிடக்கும், அவற்றுக்குச் சொந்தக்காரி ஒரு மூலையில் பாதி உரித்த நிலையில் நிற்கும். முட்டையும் நின்றுபோனது. வளர்ந்த கோழிக்கு வருஷத்துக்கு ஒருமுறை நடப்பதுதான் என்றாலும் மற்றக் கோழிகள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தோல் தெரிந்த இடத்தில் கொண்டைக்காரி ஒரு கொத்து கொத்திப் பார்த்தது. புள்ளி திருப்பிக் கொத்தவில்லை. அவ்வளவுதான், அன்றிலிருந்து அது எல்லோருக்கும் உரிய முதுகாகிவிட்டது. தீனித்தட்டுக்கு வந்தால் கொத்து, தண்ணீருக்கு வந்தால் கொத்து, சும்மா நின்றால் சும்மா ஒரு கொத்து. சேவல் எதிலும் தலையிடாது. வாசல்பக்கம் திரும்பி நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பெரியம்மா குடையோடு வந்து பார்த்தார். புள்ளியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முட்டையும் இல்ல, இறகும் இல்ல. இதத் தீனி போட்டு வச்சிக்கிட்டு என்ன பண்றது? ஒங்க பெரியத்தா வந்ததும் இதையே அறுத்துடலாம்" என்றார்.

"இறகு திரும்ப மொளைச்சிட்டா?" என்று கேட்டேன்.

பெரியம்மா நல்ல மனநிலையில் இருந்தார். "மொளைச்சிட்டா ஒனக்கே வச்சிக்க. அவுங்க வர்றதுக்குள்ள மொளைக்கணும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். கோழி சின்னம்மாவுடையது என்பது அந்தப் பேச்சில் எங்கும் வரவில்லை. அதை நானும் கவனிக்கவில்லை. எனக்கு ஒரு வாக்கு கிடைத்துவிட்டது, அதுவே போதுமானதாக இருந்தது.

சின்னம்மாவுக்கு அந்தச் சமயம் நேரம் சரியில்லை. சின்னத்தாவிடமிருந்து டிராஃப்ட் வருவது நின்றுபோயிருந்தது. அவர் இருந்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். பாஸ்போர்ட் அரபியிடம் மாட்டிக்கொண்டதால் ஊருக்கு வரவும் வழியில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது கண்ணால் பார்த்தது வேறு. ஃபேன் போட்ட நடு அறை சின்னம்மாவுடையதாக இருந்தது. பெரியத்தா கொண்டுவரும் பெட்டிகளை வைக்க இடம் வேண்டும் என்று, அவர் வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே, அதைக் காலி செய்யச் சொன்னார்கள். சின்னம்மா தன் தலையணையை எடுத்துக்கொண்டு அடுப்படியை ஒட்டி நெல்மூட்டை வைக்கும் அறைக்குப் போனார். எனக்கு அதில் சந்தோஷம்தான். அந்த அறையின் சன்னலிலிருந்து கொட்டகை நேராகத் தெரியும்.

பெரியம்மா குரல் பெரிய குரல். "அரிசி களைஞ்சாச்சா இல்லையா?" என்று கூடத்திலிருந்து கேட்டால் வாய்க்கால் வரை கேட்கும். அம்மா யாரையும் அதட்டியவர் அல்ல. பெரியம்மா சொன்னதோடு கொஞ்சம் சேர்த்துச் சொல்வார், அவ்வளவே. "அவளுக்கு என்னக்கா அவசரம், உக்காந்து மழையப் பாத்துக்கிட்டு இருக்கா" என்பார் மெதுவாக. சின்னம்மா எழுந்துபோய் அரிசியைக் களைவார். சாப்பிடும்போது மூவரும் முன்பெல்லாம் ஒன்றாக உட்கார்வார்கள். அந்த மழைக்காலத்தில் சின்னம்மா எல்லோருக்கும் எடுத்துவைத்துவிட்டு, பிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். யார் அப்படிச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே இப்போது நினைக்கிறேன்.

புள்ளியைக் காப்பாற்ற எனக்கு முதலில் தோன்றியது பஞ்சாரம்தான். குஞ்சுகளைக் கவிழ்த்து வைக்கும் மூங்கில் கூடையை எடுத்துப் புள்ளியின் மேல் கவிழ்த்தேன். உள்ளே அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் மற்றக் கோழிகள் சுற்றி நின்றுகொண்டு, பின்னலின் சந்து வழியாகக் குறிபார்த்துக் கொத்தின. வெளியே இருந்தபோது ஓடவாவது முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. எடுத்துவிட்டேன்.

அடுத்தது சட்டை. துபாயிலிருந்து அத்தா எனக்கு அனுப்பிய காலுறைகளில் ஒன்றின் பாதத்தை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் புள்ளியின் தலைவழியாக மாட்டிவிட்டேன். கட்டம் போட்ட நீலக் காலுறை. புள்ளி அப்படியே நின்றது. தன்னை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ, ஓரடிகூட நகரவில்லை. மற்றக் கோழிகள் அலறிக்கொண்டு தண்ணீரில் குதித்தன. கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்து திரும்பி வந்து, காலுறையையும் சேர்த்துக் கொத்தின. நல்ல காலுறையை நாசமாக்கியதற்கு அம்மாவிடம் எனக்கு இரண்டு விழுந்தது.

மூன்றாவதாக நான் செய்ததைத்தான் தெரு முழுக்கப் பேசினார்கள். எதிர்வீட்டில் கல்யாணம். முந்தின நாள் பெண்களெல்லாம் கூடி மருதாணி அரைத்துக் கையிலும் காலிலும் வைத்துக்கொண்டார்கள். மருதாணி குளிர்ச்சி, காந்தலை எடுத்துவிடும் என்று அங்கே பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. காந்தல் என்றால் புள்ளியின் முதுகைவிட எங்கே காந்தப் போகிறது? மிஞ்சிய விழுதை ஒரு கொட்டாங்கச்சியில் வழித்து எடுத்துவந்து, அது கத்தக் கத்தப் பிடித்து, கழுத்திலிருந்து வால்வரை அப்பிவிட்டேன். மணப்பெண்ணுக்கு வைத்தவர்கள்கூட அத்தனை அக்கறையாக வைத்திருக்க மாட்டார்கள். புள்ளி விழுதைப் பூசியவுடன் அமைதியாகிவிட்டது. மருந்து கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

காலையில் கொட்டகையிலிருந்து வந்த சத்தத்தில் சின்னம்மாதான் முதலில் ஓடினார். மருதாணி நன்றாகப் பிடித்திருந்தது. புள்ளியின் முதுகு ரத்தச் சிவப்பாக ஜொலித்தது. அதுவரை அவ்வப்போது மட்டும் கொத்திவந்த பெயரில்லாத கோழிகளும் அன்று கூட்டணியில் முழுதாகச் சேர்ந்துவிட்டன. புள்ளி மாடுகள் தண்ணீர் குடித்த பழைய காடித்தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டிருக்க, வெளியே நீட்டியிருந்த சிவப்பு முதுகில் எல்லாமாகக் கொத்திக்கொண்டிருந்தன. சின்னம்மா விளக்குமாற்றை வீசி விரட்டிவிட்டுக் கோழியை வாரி எடுத்தார். எடுத்தவர் அதைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த மருதாணிக் கறையைப் பார்த்தார்.

"யாருடி கோழிக்கு மருதாணி வச்சது?"

நான் அழுதுவிட்டேன். குளிர்ச்சிக்காக என்று சொன்னேன். சின்னம்மா சிரிக்க ஆரம்பித்தார். வாரக்கணக்கில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. கோழியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "செவப்பைக் கண்டா விடாதுங்கடி அதுங்க. ரத்தம்னு நெனைச்சுக் கொத்தும். நீ வேற, இங்க கொத்துங்கன்னு கோலம் போட்டுக் குடுத்திருக்கே" என்றார்.

அன்றிலிருந்து வைத்தியம் சின்னம்மா கைக்குப் போனது. சோற்றுச் சட்டியின் அடிக்கரியைச் சுரண்டி வேப்பெண்ணெயில் குழைத்து, சிவப்பு தெரியாமல் முதுகெல்லாம் பூசினார். கரியும் கசப்பும் சேர்ந்ததில் கொத்து குறைந்தது. சென்னாக்கூனிக் கருவாட்டை இடித்து நொய்யில் கலந்து, மற்றக் கோழிகளுக்குத் தெரியாமல், தன் அறைக்குள் வைத்துத் தீனி போட்டார். இறகு முளைப்பதற்குக் கவிச்சி வேண்டுமாம். நான் வரப்போரங்களில் மண்புழுவும் நத்தையும் பொறுக்கிவந்தேன். மழையில் நனைந்து சளி பிடித்தது, பள்ளிக்கூடத்துக்கும் லீவு. அதைவிட நல்ல நாட்கள் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு நாள் சின்னம்மா புள்ளியின் கழுத்தை என் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். முள் முள்ளாக ஏதோ குத்தியது. குருத்து! ஒவ்வொரு முள்ளுக்குள்ளும் ஓர் இறகு சுருண்டிருக்கும், அது உடைந்தால் விரியும் என்றார். நான் அப்போதே பெரியம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். பெரியம்மா, "இதுவா? இது முள்ளும்பாங்க, இறகுன்னா சொல்வாங்க?" என்று கேட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

கெட்டகாலம், குருத்தில் ரத்தம் ஓடுமாம். அது கோழிகளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ. மறுபடியும் கொத்து ஆரம்பித்தது, இந்தமுறை முளைத்த குருத்தையே குறிவைத்து. இரவில் எல்லாவற்றையும் ஒரே கூட்டில்தான் அடைக்க வேண்டியிருந்தது. அறைக்குள் கோழி தூங்கக் கூடாது, மூட்டையெல்லாம் எச்சமாகிறது என்று பெரியம்மா சொல்லிவிட்டார். அம்மாவும், "நெல்லுல கோழி எச்சம் கெடந்தா வீட்டுக்கு பரக்கத்து இருக்குமா?" என்று தன் பங்குக்குச் சொன்னார்.

நான் அம்மாவிடம் நியாயம் கேட்டேன். "கொண்டைக்காரியாவது ரெண்டு கொத்தோட விட்டுடும்மா. இந்தக் கருப்புதாம்மா மோசம். அது பாட்டுக்கு ஓரமாப் படுத்திருக்கிறதத் தேடிப் போய்க் கொத்துது. கொண்டைக்காரி பாக்கிறப்ப இன்னும் வேகமாக் கொத்துது." அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. என்னைப் பார்க்காமல், "உள்ள போ, ஈரத்துல நிக்காத" என்று மட்டும் சொன்னார். கோழியைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பெரியத்தா வரும் நாள் நெருங்கிவிட்டது. நடு அறைக்கு வெள்ளையடித்தார்கள். புள்ளியின் முதுகில் பாதிக் குருத்து உடைந்து பிசிறு பிசிறாக இறகு விரிந்திருந்தது. மீதி ரத்தக் காயம். இன்னும் கொஞ்ச நாள் யாரும் தொடாமல் விட்டால் முழுக்க முளைத்துவிடும், அந்தக் கொஞ்ச நாள்தான் எங்களிடம் இல்லை. சாயங்காலம் சின்னம்மா கொட்டகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் முதுகில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான். எனக்கு அந்த யோசனை அப்போதுதான் வந்தது. வந்த வேகத்தில் எழுந்தே நின்றுவிட்டேன்.

"சின்னம்மா, ஒங்க அம்மா வீட்ல கொண்டுபோய் விட்டுடுங்களேன்! அங்க கொத்துறதுக்கு யாரும் இல்லல்ல?"

"அங்க யாரு இருக்கா, எங்கம்மாவும் ரெண்டு ஆடும்தான்" என்றார் சின்னம்மா, எண்ணெய் தடவிக்கொண்டே. "ஆனா அப்புடிப் போயிட்டா போனதுதான்டி. திரும்பி வந்தா இதுங்க சேத்துக்காது. புதுசா வந்த கோழி மாதிரி மொதல்லேர்ந்து கொத்தும்."

"சேத்துக்காட்டிப் போவட்டுமே. இதுங்களோட சேந்து என்ன செய்யப் போவுது? அதுக்கு இறகு மொளைச்சாப் போதாதா?"

சின்னம்மாவின் கை நின்றுவிட்டது. என்னை வெகுநேரம் பார்த்தார். நான் சொன்னதில் ஏதோ தப்பு இருக்கிறது, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நீ சொல்றதும் சரிதான்" என்றார். என் கன்னத்தைத் தடவினார், கன்னமெல்லாம் கரி.

மறுநாளைக்கு மறுநாள் காலையில் சின்னம்மா கையில் ஒரு தோல்பையோடு கூடத்துக்கு வந்தார். பர்தா போட்டிருந்தார். பனையோலைக் கூடையில் புள்ளி, மேலே துணி கட்டியிருந்தது.

"எங்க கெளம்பிட்டே?" என்றார் பெரியம்மா.

"அம்மா வீட்டுக்குக்கா. கோழிய விட்டுட்டு வரலாம்னு."

"ஒரு கோழிக்காகவா? அவுங்க நாளக்கழிச்சு வந்து எறங்குறாங்க. வேலை தலைக்கு மேல கெடக்கு. இப்பப் போயி..."

"ஆமாக்கா" என்றார் சின்னம்மா. "கோழிக்காகத்தான்."

நான் பெருமையில் பூரித்துப்போனேன். என் யோசனை! பெரியவர்கள் ஒரு யோசனையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு நிறைவேற்றியது அதுவே முதல்தடவை. பஸ் ஸ்டாப் வரை நான்தான் கூடையைத் தூக்குவேன் என்று அடம்பிடித்துத் தூக்கிக்கொண்டேன். அம்மா குடையோடு கூட வந்தார். வழியெல்லாம் நான்தான் புள்ளிக்குச் சீர்காழியில் என்னென்ன தீனி போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

பஸ் வரும் சத்தம் கேட்டபோது அம்மா சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஏதாவது சொல்லியிருந்தா மனசுல வச்சிக்காத" என்றார். அம்மா யாரையும் அதட்டி நான் கேட்டதில்லையே, எதற்காக இப்படிப் பேசுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"நீங்க பாத்து இருந்துக்குங்கக்கா" என்றார் சின்னம்மா. அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு பிள்ளையை எச்சரிக்கிற மாதிரி சொன்னார். பிறகு கூடையை வாங்கிக்கொண்டு ஏறி, பெண்கள் சீட்டில் சன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்போது துணியை விலக்கி, புள்ளியின் தலையை எனக்குக் காட்டினார்.

சின்னம்மா திரும்பி வரவில்லை. பிறகு சின்னத்தா ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்து, சீர்காழியிலேயே ஒரு ஃபேன்சி ஸ்டோர் வைத்தார். கடை நன்றாக நடந்தது. புள்ளிக்கு அந்த மாதமே முழு இறகும் முளைத்துவிட்டதாகவும், முன்னைவிட அழகாக இருப்பதாகவும் ஆள் மூலம் எனக்குத் தகவல் வந்தது. இரண்டு முறை அடைகாத்ததாம். இவ்வளவு நல்ல முடிவைக் கதைகளில்கூட நான் கேட்டதில்லை.

பெரியத்தா சொன்ன நாளில் வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்து, "எந்தக் கோழி?" என்றார். நான் அதை யோசிக்கவே இல்லை. புள்ளி தப்பிவிட்டதால் விருந்தும் தப்பிவிட்டது என்பதுபோல அவ்வளவு நாளும் இருந்திருக்கிறேன். பெரியம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை. "அந்தக் கருப்பு" என்றார்.

எனக்கு வருத்தமில்லை. கருப்புக்கு வேண்டியதுதான் என்றே நினைத்தேன். அன்று பெட்டிகள் திறக்கப்பட்டன, செண்டு வாசனையும் கறி வாசனையும் வீடெல்லாம் நிறைந்திருந்தன. தெருவே வந்து போனது. அம்மா ஒருவராக மசாலா அரைத்தார், ஒருவராக நெய்ச்சோறு ஆக்கினார், ஒருவராக எல்லோருக்கும் எடுத்துவைத்தார். கூடத்திலிருந்து பெரியம்மாவின் குரல் அன்று அம்மாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. "தண்ணி வைக்கலையா? இன்னும் என்ன பண்றா அங்க?" என்று கேட்டது. கூடச் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு வேறு குரல் அன்று இல்லாததால் வீடு கொஞ்சம் அமைதியாக இருப்பதாகக்கூட எனக்குத் தோன்றியது.

நான் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கை கழுவ அடுப்படிக்குப் போனேன். அம்மா தரையில் உட்கார்ந்து, சட்டியில் ஒட்டியிருந்ததைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

"கூடத்துக்கு வாங்கம்மா, எல்லாரும் அங்கதான் இருக்காங்க" என்றேன்.

"நீ போ. நான் அப்புறமா வர்றேன்" என்றார் அம்மா.

நான் போனேன். புள்ளியை நான் காப்பாற்றிய கதையைப் பெரியத்தாவிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.